பலகை யார் கையில்

உப்பளத்துக்கு மேற்பார்வை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறார்கள். மடையைத் திறந்தவர் அதை அடைக்கும் பலகையைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டுப் போகக் கூடாதா? எதற்காக அதைத் தோளில் போட்டுக்கொண்டு அளம் முழுக்கத் திரிய வேண்டும்? சட்டை நனைகிறது, உப்பு காய்ந்து தோள் அரிக்கிறது. அதைவிட வேடிக்கை, பலகையை இன்னொருவரிடம் கொடுப்பது. வாங்குகிறவர் நம் முகத்தைப் பார்த்து "எங்கிட்ட இருக்குது" என்று சொல்லும்வரை கொடுக்கிறவர் கையை எடுக்கக் கூடாது. கல்யாணத்தில் தாரை வார்ப்பது மாதிரி இருக்கிறது என்று போன மாதம் ஒரு தம்பி என்னிடம் சிரித்தார்.

மரக்காணத்தில் வேறு அளங்களில் இந்த வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதை ஆரம்பித்தவன் நான். எழுபதுகளின் நடுவில், கல்யாணம்கூட ஆகாத வயதில். இந்த வழக்கத்தின் முதல் பாதி எனக்கு வெற்றியாக வந்தது. இரண்டாம் பாதிக்கு வேறொருவர் விலை கொடுத்தார். உப்பு விளைவிக்கும் முறையை உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

எனக்கு ஒரு காரியத்தில் மனம் நிற்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேதியியலில் பட்டம் வாங்கியதே பரீட்சைக்கு முந்தின நாட்களின் பயத்தால்தான். சில வருடங்களுக்கு முன் என் பேத்தியைப் பார்த்த மருத்துவர் அதைக் கவனக் குறைபாடு என்று சொன்னார். அவர் குழந்தையிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் மனதுக்குள் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் அந்தப் பெயர் எங்கள் காதில் விழவில்லை. பொறுப்பில்லாதவன் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சேர்ந்த முதல் கோடையிலேயே ஒரு வரிசைப் பாத்திகளைக் கெடுத்தேன். உப்பு படிந்து முடிந்ததும் மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் கசப்பும் சேர்ந்து படிந்துவிடும். அந்த உப்பு கசிந்துகொண்டே இருக்கும், யாரும் வாங்க மாட்டார்கள். வடிக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். மாலையில் மேலாளர் வந்து பார்த்தபோது பாத்திகள் அப்படியே நின்றன. அவர் என்னைவிடச் சில வயதே மூத்தவர். கோபக்காரர், ஆனால் கேள்வி கேட்காமல் திட்ட மாட்டார்.

"வடிக்கச் சொன்னேனே, எங்கய்யா போன?"

"கரையில நண்டு வளை இருந்துது சார். தண்ணி கசிஞ்சுது. அடைச்சேன்."

"சரி. அப்புறம்?"

"அடைக்கிறப்ப மம்பட்டி புடி ஆடுச்சி. ஆப்பு வைக்க கொட்டகைக்குப் போனேன்."

"அப்புறம்?"

"அங்க தராசு சங்கிலி சிக்கிக் கிடந்துது சார், அத..."

"நான் சொன்ன ஒண்ண வுட்டுட்டு ஊருல இருக்கிற வேலயெல்லாம் செஞ்சிருக்க."

உப்புக் கூடை சுமக்கும் பெண்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவர் அஞ்சலை. அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தட்டாம்பூச்சி மாதிரி சார் இவரு. குந்துற மாதிரி வருவாரு, குந்த மாட்டாரு" என்றார். பெண்கள் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் நான் தட்டான் சார்.

அதற்குப் பிறகு மடைகளைத் திறந்துவிட்டு மறந்து போவது ஆரம்பித்தது. சின்ன மடைகள்தான், பெரிய சேதம் இல்லை. ஆனால் மேலாளர் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ மடைய தொறந்து வுட்டுட்டுப் போனீன்னா, அப்படியே மெட்ராஸ் பஸ் ஏறிடு. சொல்லிட்டுப் போகவும் வேணாம்" என்றார். அவர் குரல் உயரவில்லை. அதனால் பயந்தேன்.

என் ஞாபகத்தை நான் நம்ப முடியாது. உடம்பை நம்பலாம் என்று தோன்றியது. அடுத்த நாள் மடையைத் திறந்ததும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எங்கே போய் எதில் மூழ்கினாலும் அது சொட்டிக்கொண்டே இருந்தது. கழுத்தில் உறுத்தியது. இறக்கி வைக்க ஒரே இடம்தான் உண்டு, அது வந்த இடம். திரும்பிப் போய் மடையை மூடினேன். அந்தப் பருவத்தில் அதற்குப் பிறகு ஒரு மடையையும் நான் மறக்கவில்லை. அஞ்சலை மட்டும் தினமும், "தட்டானுக்கு இன்னிக்கி ஒத்த றெக்க மொளச்சிக்கிச்சி" என்பார்.

உங்களில் என்னைப் போன்றவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். இனிமேல் மறக்க மாட்டேன் என்று சபதம் செய்யாதீர்கள். அந்தச் சபதத்தையும் மறந்துவிடுவோம். மறதி எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கே உறுத்துகிற எதையாவது வையுங்கள்.

என் குறையில் ஒரு பலமும் இருப்பது அடுத்த கோடையில் தெரிந்தது. பிற்பகல், நல்ல வெயில், எல்லோரும் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல எதையும் ஒழுங்காகப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. பெண்களின் முந்தானைகள் தொங்கின. பாத்தித் தண்ணீரின் நெளிவு ஒரு கணம் அடங்கி, எதிர்ப்பக்கமாக ஓட ஆரம்பித்தது. மேற்கே திரும்பினால் மழைக் கருக்கல்.

வாரிய உப்பு கரைகளில் குவியல் குவியலாகத் திறந்து கிடந்தது. பாத்திகளில் வாராத உப்பு இன்னும் இருந்தது. ஆட்கள் பாத்திக்குள் ஓடி வாரப் போனார்கள். யாருக்கும் அதுதான் தோன்றும். நான் கத்தினேன்.

"பாத்தியில யாரும் கால் வைக்காதீங்க. வெளிய வாங்க."

"கண்ணு எதிர கரஞ்சி போவுது, வெளிய வர சொல்றாரே" என்றார் அஞ்சலை.

"மழத் தண்ணி லேசு, மேலயே நிக்கும். கலக்காம இருந்தா மேல இருக்கிறத மட்டும் வழிய விட்டுடலாம். நீங்க தென்னங்கீத்த எடுத்துக்கிட்டு தெற்கால குவியல மூட ஓடுங்க."

"வடக்கால?"

"கீத்து பத்தாது. வடக்க விட்டுடுங்க."

ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எனக்குச் சிரமமாக இல்லை என்பதை அப்போதே கவனித்தேன். மழை இறங்குவதற்குள் யாரை எங்கே அனுப்புவது, எந்த மடையில் எவ்வளவு திறப்பது, எதைக் கைவிடுவது எல்லாம் தானாக வந்தன. ஒரே சமயத்தில் எல்லாம் நடந்தபோதுதான் என் தலைக்குள் அமைதியாக இருந்தது. வடக்குக் குவியல்கள் கரைந்தன. மற்றவை பிழைத்தன.

மறுநாள் மேலாளர் என் பகுதியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"உன்ன ஒரு எடத்துல கட்டிப் போட்டா நீயும் கெட்டுப் போவ, உப்பும் கெட்டுப் போவும். இனிமே உனக்குப் பகுதி கிடையாது. அளம் பூரா சுத்து. எது சரியில்லையோ அத மொதல்ல பாக்கிறது உன் வேல. மழ வந்தா நீ சொல்றதுதான் பேச்சு. மடைங்க பூராவும் உன் கணக்கு. அந்தப் பலகைய தூக்கினு திரியிறியே, அதயே எல்லாரையும் செய்யச் சொல்லு. பலகை யார் கையில இருக்குதோ, மடை அவங்க பொறுப்பு. பேச்சு முடிஞ்சிது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. என்னைத் திருத்தவும் முயலவில்லை. நான் எப்படி அமைந்தவன் என்று பார்த்து, அதற்கு ஏற்ற இடத்தில் நிறுத்தினார். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பலகை விதியை மட்டும். ஆள் எப்படி அமைந்தவர் என்று பார்ப்பதை எடுத்துக்கொள்ளவில்லை.

தணிகாசலம் எக்கியார்குப்பத்து மீனவக் குடும்பத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர். உப்பங்கழியிலிருந்து அளத்துக்குத் தண்ணீர் எடுக்கும் பெரிய மடையில் காவல் அவருக்கு. மடையைத் திறந்து மூடுவது மேற்பார்வையாளர் சொல்லித்தான். மற்ற நேரத்தில் உப்புக் குவியல்களை மூடுவதற்குத் தென்னங்கீற்று முடைவார். அவர் முடைந்த கீற்றில் வெளிச்சம்கூட நுழையாது.

அவர் கடலை விட்டு எங்களிடம் வந்த காரணத்தை ஒரு நாள் அவரே சொன்னார். "துடுப்பு புடிச்சா துடுப்பையே பாத்துனு இருப்பேன் சார். அலைய பாக்க மாட்டேன். எங்கண்ணன் ரெண்டு தரம் என்ன தண்ணியில இருந்து இழுத்துப் போட்டுட்டாரு. மூணாந்தரம், 'டேய், நீ கரையில இருந்தாதான் நான் நிம்மதியா தொழில் பண்ண முடியும்'னுட்டாரு. இந்த வேலயும் போச்சின்னா அதே கட்டுமரந்தான் சார்."

எனக்கு எதிலும் மனம் நிற்காது. அவருக்கு ஒன்றில் நின்றால் அதை விட்டு வராது. கூப்பிட்டால் "உம்" என்பார், கேட்டிருக்காது. கையில் எதைக் கொடுத்தாலும் "உம்" என்று வாங்கிக்கொள்வார். ஒரு நாள் அஞ்சலை பின்னாலிருந்து ஒரு வாளைக் கருவாட்டை நீட்டினார். "உம்" என்று வாங்கினார். கொஞ்ச நேரத்தில் அது கீற்றுக்குள் அழகாக முடையப்பட்டிருந்தது.

"யோவ் தணிகாசலம், மழ பேஞ்சா உப்பு நனையாது, பூன வந்துடும்யா" என்றார் அஞ்சலை. அவரும் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். நானும் அங்கே நின்று சிரித்தேன். அந்த "உம்" எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலை. கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய மடையைத் திறந்து தேக்கத்தில் தண்ணீர் விட்டேன். அந்தப் பலகை பெரியது, சின்ன மடைப் பலகை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு ஓட முடியாது. ஆகவே தேக்கம் நிரம்பும்வரை அங்கேயே நிற்பது என் வழக்கம். நிற்பது எனக்குத் தண்டனை. அப்போது ரோடு பக்கம் சத்தம் கேட்டது. உப்பு ஏற்றிய லாரி ஒன்று கரை சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஓடினார்கள்.

நெருக்கடி என்றால் என் கால் தானாக ஓடும். அதற்காகத்தானே எனக்குச் சம்பளம் என்றும் நினைத்துக்கொண்டேன். கீற்று முடைந்துகொண்டிருந்த தணிகாசலத்தின் மடியில் பலகையைக் குறுக்கே வைத்தேன். "தேக்கம் நெறஞ்சதும் மூடிடு" என்றேன். அவர் நிமிரவில்லை. "உம்" என்றார்.

அது கருவாடு வாங்கிய "உம்". எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே ஓடினேன். தோளைத் தொட்டு அவர் நிமிரும்வரை நிற்க மூச்சு விடும் நேரம்தான் ஆகியிருக்கும். அந்த நேரம் நிற்க என்னால் முடியவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. நிற்க விரும்பவில்லை என்பது மீதி.

லாரியை நிமிர்த்தினோம். பாராட்டினார்கள். பெரிய மடைப் பக்கமிருந்து ஓடி வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கு மடை ஞாபகம் வந்தது. போவதற்குள் தேக்கம் வழிந்து உள்கரை உடைந்து, மாதக்கணக்கில் வெயிலில் முற்றவைத்திருந்த உப்புத் தண்ணீரெல்லாம் கழித் தண்ணீரோடு கலந்துவிட்டது. தணிகாசலம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பலகை முடைவதற்கு வசதியாக இருந்திருக்கிறது. அதன் மேல் கீற்றைப் பரப்பி முடைந்துகொண்டிருந்தார்.

மேலாளர் கொட்டகையில் விசாரித்தார். முதலாளி யாராவது ஒருவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிவிட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பலகை யார் கையில இருந்துது?"

"என் கையில சார்" என்றார் தணிகாசலம்.

"மூடச் சொன்னது கேட்டுதா?"

"கேட்ட ஞாபகம் இல்ல சார். ஆனா கையில இருந்துது. அப்ப எம் பொறுப்புதான்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"குடுத்துட்டு, தேக்கம் நெறஞ்சதும் மூடச் சொல்லிட்டுத்தான் சார் போனேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது அதைத் திருத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொல்லித் தப்பித்ததால் திருத்த இடம் கிடைக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட ஒன்று இருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் குறை என்று அங்கே யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. தட்டான் என்ற பெயர் அப்போதுதான் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

தணிகாசலத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் மறுபடி முற்றும்வரை கூடை சுமக்கிறவர்களுக்கும் வேலை இல்லை. அஞ்சலை போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொன்னேன்னு சொன்னீங்க. கேட்டான்னு சொல்லலியே சார்."

பதிலுக்கு நிற்காமல் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த பருவம் தொடங்கியபோது அஞ்சலைதான் செய்தி கொண்டுவந்தார். தணிகாசலம் அண்ணனோடு கட்டுமரத்தில் போயிருக்கிறார். வலை எங்கோ மாட்டி இழுத்தபோது கயிறு கையில் சுற்றிக்கொண்டது. விடச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்கியார்குப்பம் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். கரையில் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் நின்றிருந்தார். நான் யார் என்று சொன்னேன். முகத்தில் மாற்றம் இல்லை.

"அந்தாண்ட குந்தினு இருக்கிறான், போங்க. ஆனா கூப்புடாதீங்க, கேக்காது. தோளத் தொட்டுட்டு குந்துங்க. அவனா நிமிந்தா பேசுங்க."

"என்ன செய்றாரு?"

"குப்பத்து வலயெல்லாம் இப்ப அவங்கிட்டதான் வருது சார். எவ்ளோ கிழிசலா இருந்தாலும் எடுத்தா முடிக்காம எழுந்திருக்க மாட்டான். கடலுக்குத்தான் ஆவாது, கையிக்கு இன்னா கொற? இங்க கொழந்தைங்களுக்குக்கூடத் தெரியும், சோத்துத் தட்ட அவன் கையில திணிக்கக் கூடாது, மூஞ்சப் பாத்துதான் குடுக்கணும்னு. ரெண்டு வெரலு போனப்புறந்தான் நாங்களும் அத கத்துக்கினோம்."

தணிகாசலம் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். விரல் இல்லாத இடத்தில் நூலைக் கட்டை விரலால் பிடித்து இழுக்கப் பழகியிருந்தார். தோளைத் தொட்டேன். "உம்" என்றார். எதிரில் உட்கார்ந்தேன்.

காத்திருப்பது எனக்கு எப்படிப்பட்டது என்று மேலே சொல்லியிருக்கிறேன். காக்கை வந்தது, படகு வந்தது, யாரோ சண்டை போட்டார்கள், ஒவ்வொன்றும் என்னை எழுந்து வரச் சொன்னது. எழவில்லை. என் நிழல் என் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. அவர் ஒரு கிழிசலை முடித்து, முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தட்டான் சார். எப்ப வந்தீங்க?"

"இப்பதான்" என்றேன். பிறகு சொன்னேன். "தணிகாசலம், அன்னிக்கி பலகைய மடியில வச்சப்ப உனக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனேன். விசாரணையில அத சொல்லல."

அவர் வலையைத் தள்ளி வைத்தார்.

"கேட்டிருந்தா மூடியிருப்பேனே சார். அதனால எனக்குக் கேக்கலன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். என்னப் பத்தி உங்களுக்கும் தெரியும்."

"மறுபடி வர்றியா? மேலாளர்கிட்ட நான் சொல்றேன்."

"வேணாம் சார். இங்க வல கெடக்குது." அடுத்த கிழிசலைத் தேடி இழுத்தார். "இத எங்கிட்ட வந்து எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

பிறகு தலை குனிந்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

திரும்பி வந்து விதியில் இரண்டாம் பாதியைச் சேர்த்தேன். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து "எங்கிட்ட இருக்குது" என்று சொல்லும்வரை கையை எடுக்காதே. மேலாளர் நல்ல யோசனை என்றார். எப்படி வந்தது என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன். அந்த வருடக் கடைசியில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்தேன், நல்ல பெயரோடு. அன்று உள்கரை உடைந்ததற்குக் காரணம் கீற்று முடைகிற ஓர் ஆள் என்றுதான் இந்த அளத்தில் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தே நான் போனது உங்களுக்குத் தெரியாது. அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன்.